டெக்சாஸ் பல்கலைக்கழகங்களில் ஹிஸ்பானிய மாணவர்களுக்குத் துணைநிற்க: முன்னாள் மாணவத் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெக்சாஸில் முதுகலை படித்துவிட்டு ஹியூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின் என்று அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்ட தமிழர்களுக்கு, தாம் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கத்திடமிருந்து அவ்வப்போது ஓர் அழைப்பு வருவதுண்டு. உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களைச் சந்திக்கவும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலாண்டில் துணையாக இருக்கவும் தன்னார்வலர்கள் தேவை என்பது அதன் சாரம். அந்த மாணவர்களில் பெரும்பகுதியினர் ஹிஸ்பானியர்கள். அதாவது மெக்சிகோ முதலிய ஸ்பானிய மொழி நாடுகளில் வேர்கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2022-ஆம் ஆண்டு மக்கள்தொகை மதிப்பீட்டின்படி டெக்சாஸின் மிகப் பெரிய மக்கள் பிரிவு அவர்களே. மாநிலத்தின் அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரும் அவர்களே. அழைப்பை ஏற்கலாமா, ஏற்றால் எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹிஸ்பானியர் அல்லாத நமக்கு இதில் என்ன வேலை என்ற தயக்கம் இயல்பானது. ஆனால் கிங்ஸ்வில், ஆர்லிங்டன், ஹியூஸ்டன் என்று நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் படித்த வளாகங்கள் பலவும், இளங்கலை மாணவர்களில் குறைந்தது 25 விழுக்காட்டினர் ஹிஸ்பானியராக இருக்கும் நிறுவனங்கள் என்று கூட்டரசுச் சட்டம் வகைப்படுத்தும் பட்டியலில் உள்ளவை. ஆய்வகத்தில் நமக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். மேலும், சங்கங்களுக்கு வேண்டியது ஒரே இனத்தைச் சேர்ந்த முன்மாதிரிகள் மட்டுமல்ல. சொன்ன தேதியில் சொன்ன வேலையைச் செய்துமுடிக்கும் ஆட்களுக்குத்தான் எப்போதும் பஞ்சம்.

கதவைத் தட்டுவதற்கு முன்

எந்த அமைப்பின் வழியாக வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் கடந்த சில ஆண்டுகளில் இந்த நிலப்பரப்பே மாறிவிட்டது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த டெக்சாஸின் எஸ்.பி. 17 சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவத்துக்கென இயங்கிய அலுவலகங்களைத் தடைசெய்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலிருந்த பல்பண்பாட்டு மையம் அந்த மாதமே மூடப்பட்டது. ஹிஸ்பானியர் மிகுந்த நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கூட்டரசு மானியங்களையும் கல்வித் துறை 2025-இல் நிறுத்தியது. இதையெல்லாம் பார்த்து, மாணவர்களைத் தேடிச் சென்று சேர்ப்பதே சட்டவிரோதம் என்று எண்ணிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எஸ்.பி. 17 சட்டமே மாணவர் சேர்ப்புப் பணியையும் மாணவர் அமைப்புகளின் செயல்பாட்டையும் தன் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நடைமுறையில் நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்றுதான்: நிகழ்ச்சிகளை எல்லா மாணவர்களுக்கும் திறந்து வையுங்கள், யாரைத் தேடிச் செல்வது என்பதைப் பள்ளி, வட்டாரம், குடும்ப வருமானம், குடும்பத்தின் முதல் பட்டதாரியா என்பவற்றைக் கொண்டு முடிவு செய்யுங்கள். மெக்சிகோ எல்லையையொட்டிய, ஹிஸ்பானியர் மிகுந்த ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் யார் வருவார்கள் என்று தனியே எழுதி வைக்கத் தேவையில்லை.

முன்னாள் மாணவர் சங்கங்கள் பலவும் பல்கலைக்கழகத்திலிருந்து சட்டப்படி தனித்து இயங்குபவை என்பதால் அவற்றின் வழியே செல்வது எளிது. சங்கத்துக்குள் ஹிஸ்பானிய முன்னாள் மாணவர் வலையமைப்பு ஏதேனும் இருந்தால் அதன் பொறுப்பாளரிடம் முதலில் பேசுங்கள். அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதன் மேல் இன்னொன்றைக் கட்டி எழுப்புவதால் யாருக்கும் பயனில்லை. பள்ளிகளுக்குள் செல்லத் தன்னார்வலர்களின் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு தேவை என்பதால், ஆகஸ்ட் மாதமே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

நமக்குத் தெரியாதது

வெளிநாட்டு மாணவராக முதுகலைக்கு வந்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வு, விசாவுக்கான ஐ-20 படிவம், தூதரக நேர்காணல் ஆகியவற்றை நாம் அறிவோம்; அமெரிக்கக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையை இளங்கலையில் சேர்க்கும் பாதையில் நாம் நடந்ததே இல்லை. கூட்டரசின் நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சாவை நம்மில் பெரும்பாலோர் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆகவே பேசப் போவதற்கு முன் கற்றுக்கொள்ளப் போக வேண்டும். ஒரு பள்ளி ஆலோசகருடன் ஒரு மாலை உட்கார்ந்து, கீழ்க்கண்டவற்றையாவது தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்.

டெக்சாஸின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் பள்ளியின் தரவரிசையில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் மட்டும் வரம்பு கடுமையானது. 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு அது முதல் 5 விழுக்காடு. எல்லையோரத்துச் சிறு பள்ளியில் படிக்கும் ஒரு மாணவிக்கு இந்தச் சட்டம் தரும் வாய்ப்பு மிகப் பெரியது, ஆனால் தன் தரவரிசை என்னவென்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். இடம் உறுதி என்பது பல்கலைக்கழகத்துக்குத்தான், பொறியியல் போன்ற குறிப்பிட்ட துறைக்கு அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லிவிட்டு வருவது பின்னால் ஏமாற்றத்தில் முடியும்.

பணத்தைப் பொறுத்தவரை, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர் வரை, திருப்பித் தர வேண்டாத கூட்டரசு உதவியான பெல் மானியம் கிடைக்கலாம். இது 2023-24 கல்வியாண்டிலிருந்து மாறாத தொகை. இதற்கு மேல், டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்த எல் பாசோ, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, சான் அன்டோனியோ, ஆர்லிங்டன் உள்ளிட்ட வளாகங்களில், ஆண்டு வருமானம் 100,000 டாலருக்கு மிகாத டெக்சாஸ் குடும்பங்களின் பிள்ளைகள் நிபந்தனைகளை நிறைவு செய்தால் 2025 இலையுதிர்காலம் முதல் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. தங்குமிடமும் சாப்பாடும் இதில் அடங்கா. இவை எல்லாவற்றுக்கும் நுழைவாயில் அந்த நிதியுதவிப் படிவம்தான்.

ஃபாஃப்சா மாலை

படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். டெக்சாஸில் 2021-22 முதல், பள்ளி இறுதியாண்டு மாணவர் இந்தப் படிவத்தை நிரப்பியோ, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோதான் பள்ளியை முடிக்க முடியும். அதனால் பள்ளிகள் நூலகத்திலோ கணினி அறையிலோ மாலை நேரங்களில் உதவி முகாம் நடத்துகின்றன. புதிய தன்னார்வலர் செய்யக்கூடிய முதல் வேலை இதுவே என்பது என் கருத்து, ஏனெனில் இங்கே எழும் சிக்கல்கள் பேச்சாற்றலால் தீர்பவை அல்ல.

ஒரு காட்சியைப் பாருங்கள். மாணவியின் தந்தை வழிப் பெயர் கார்சியா, தாய் வழிப் பெயர் லோப்பெஸ் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பானிய வழக்கப்படி இரண்டும் அவளுடைய குடும்பப் பெயர்கள். சமூகப் பாதுகாப்பு அட்டையில் 'கார்சியா லோப்பெஸ்' என்று இருக்கும்; பள்ளிப் பதிவேட்டில் இணைப்புக் குறியுடன் இருக்கும்; அவளோ 'கார்சியா' என்று மட்டும் தட்டச்சு செய்வாள். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதிவோடு பெயர் ஒத்துப்போகாததால் கணக்குச் சரிபார்க்கப்படாமல் நின்றுவிடும். காரணம் புரியாமல் குடும்பமே எழுந்து வீட்டுக்குப் போய்விடும். தலைப்பெழுத்தோடு அமெரிக்கா வந்து, அப்பா பெயரால் அழைக்கப்பட்டு, ஓட்டுநர் உரிமத்தில் ஒன்றும் கடவுச்சீட்டில் ஒன்றுமாக அலைந்த நமக்கு இது விளங்கவே செய்யும். தீர்வு எளிது: முகாமுக்கு வரும்போது அந்த அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அட்டையில் உள்ளது உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, படிவத்தில் வர வேண்டும்.

அடுத்த சிக்கல் மின்னஞ்சல். படிவத்தில் பங்கேற்க வேண்டிய பெற்றோருக்கும் மாணவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். ஒரே மின்னஞ்சலையோ ஒரே கைப்பேசி எண்ணையோ இரண்டு கணக்குகளுக்குப் பயன்படுத்த முடியாது. வீட்டுக்கே ஒரு மின்னஞ்சல் என்று வைத்திருக்கும் குடும்பத்தில் மகள் அதைத் தனக்குப் பயன்படுத்திவிட்டால் தந்தையின் கணக்கு அங்கேயே முட்டி நிற்கும். சரிபார்ப்புக் குறியீடு தந்தையின் கைப்பேசிக்குப் போகும். அவர் கட்டுமான இடத்தில் வேலையில் இருப்பார். ஆகவே யார் வர வேண்டும், என்னென்ன கையில் இருக்க வேண்டும் என்ற குறிப்பை ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் முந்தைய வாரமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது, முகாமன்று பத்துத் தன்னார்வலர்கள் கூடுதலாக வருவதைவிடப் பயன் தரும்.

மூன்று எல்லைகளை மீறாதீர்கள். படிவத்தை அவர்களுக்காக நீங்கள் நிரப்பாதீர்கள். கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். குடியேற்ற நிலையை ஒருபோதும் கேட்காதீர்கள். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் கணக்குத் தொடங்க வழியுண்டு என்பதைப் பொதுவாக எல்லோருக்கும் அறிவியுங்கள். அதற்கு மேல் யாராவது தனியே கேட்டால் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்துக்கோ குடியேற்ற வழக்கறிஞருக்கோ அனுப்பிவிடுங்கள். குடியேற்ற ஆவணமற்ற மாணவர்களுக்கும் உள்மாநிலக் கட்டணத்தை, அதாவது மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணத்தை, அளித்துவந்த டெக்சாஸின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவால் நிறுத்தப்பட்டது. இத்தகைய நேரத்தில் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஓர் அரைகுறைப் பதில் ஒரு குடும்பத்துக்குப் பெருந்தீங்கு ஆகிவிடும்.

பெற்றோரோடு பேசுதல்

கல்லூரி முடிவு மாணவரின் தனி முடிவு என்ற எண்ணத்தோடு பேசப் போனால் இந்தக் குடும்பங்களிடம் எடுபடாது. அம்மா, அப்பா, பாட்டி, தம்பி தங்கையர் எல்லோரும் வருவார்கள், வரட்டும். சிறுவர்களுக்கு ஒரு மேசையும் வண்ணப் பென்சில்களும் போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குப் பின் தேவாலயக் கூடத்தில் வைத்தால், பள்ளிக்கு வரத் தயங்கும் பெற்றோரும் வருவார்கள்.

எல் பாசோவிலிருந்து ஆஸ்டினுக்குச் சாலை வழியே 900 கிலோமீட்டருக்கு மேல். மகளை அவ்வளவு தொலைவு அனுப்ப மறுக்கும் தந்தையிடம் வாய்ப்பு, எதிர்காலம் என்று பேசுவதைவிட, விடுதி இரவில் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், உடம்பு சரியில்லை என்றால் யாரை அழைப்பது, ஊருக்கு வரப் பேருந்து எது என்று சொல்வது மேல். அதே ஊரிலிருந்து போய்ப் படித்துவிட்டு வந்த ஒரு முன்னாள் மாணவியை அவள் தாயுடன் அழைத்துவந்து, அந்தத் தாயை இந்தத் தாயிடம் பேசவிடுவது அதைவிட மேல். எல்லாம் கேட்டபின் அவர்கள் உள்ளூர் வளாகத்தையே தேர்ந்தெடுத்தால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். வீட்டிலிருந்தே படித்துத் தேறியவர்கள் ஏராளம்.

உங்களுக்கு ஸ்பானியம் தெரியாவிட்டால் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவரோடு இணையாகச் செல்லுங்கள். வருமானம், கடன் பற்றிய பேச்சைப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கச் செய்யக் கூடாது. அதேபோல எல்லா ஹிஸ்பானியரும் ஸ்பானியம் பேசுவார்கள் என்றோ, எல்லோரும் மெக்சிகோ வழியினர் என்றோ, குடியேறியவர்கள் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். டெக்சாஸில் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். பள்ளத்தாக்கிலிருந்து அறுவடைக் காலங்களில் வடக்கே போய்வரும் விவசாயக் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, முதலாண்டுக் கல்லூரிப் படிப்பில் உதவும் தனிக் கூட்டரசுத் திட்டம் இருக்கிறது. ஆஸ்டினின் செயின்ட் எட்வர்ட்ஸ் பல்கலைக்கழகம் அதை 1972-இல் தொடங்கியது.

மே முதல் ஆகஸ்ட் வரை

இடம் கிடைத்து, வருகிறேன் என்று சம்மதமும் தெரிவித்துவிட்ட மாணவர் முதல் வகுப்புக்கு வராமலேயே போய்விடுவது அமெரிக்கக் கல்வித் துறையினர் நன்கறிந்த ஒன்று. பள்ளி ஆலோசகரின் பொறுப்பு மே மாதத்தோடு முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழக ஆலோசகரின் பொறுப்பு ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. நடுவிலுள்ள மாதங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. முன்னாள் மாணவர்கள் நுழைய வேண்டிய இடம் இதுவே என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு தன்னார்வலருக்கு ஐந்தாறு மாணவர்கள் என்று பிரித்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே போதும். ஆனால் அதில் ஒரு குறிப்பிட்ட வேலையும் அதன் கடைசித் தேதியும் இருக்க வேண்டும்.

அந்த வேலைகளில் எளிதில் தவறிப்போவது மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. டெக்சாஸ் சட்டப்படி 22 வயதுக்கு உட்பட்ட புதிய மாணவர், பருவம் தொடங்குவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அதைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். சான்றைப் பதிவேற்றாவிட்டால் பதிவுத் தடை விழும், அதாவது பாடங்களுக்குப் பெயர் கொடுக்க முடியாது.

மிகுந்த கவனம் வேண்டியது நிதியுதவிக் கடிதம். அதில் பெல் மானியம், மாநில மானியம், வளாகத்தில் பகுதிநேர வேலை, மாணவர் கடன், பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடன் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடப்பட்டு, கீழே கூட்டுத்தொகை ஒன்றும் இருக்கலாம். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து எல்லாமே இலவசம் என்று மகிழும் குடும்பமும் உண்டு. கடன் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாவற்றையும் வேண்டாம் என்று ஒதுக்கும் குடும்பமும் உண்டு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, திருப்பித் தர வேண்டாதது, உழைத்துப் பெறுவது, திருப்பித் தர வேண்டியது என்று மூன்றாகப் பிரித்து அவர்களையே எழுதவையுங்கள். பகுதிநேர வேலைக்கான தொகை முன்கூட்டிக் கைக்கு வராது, வேலை கிடைத்து உழைத்த பின்தான் சம்பளமாக வரும். அதைக் கட்டணத்தில் கழித்துக் கணக்குப் போட்டவர்கள் ஆகஸ்டில் திகைத்துப் போவார்கள்.

சேர்ந்த பிறகு

சேர்ப்பதைவிடத் தக்கவைப்பது கடினம். 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறேன்' என்றுதான் பதில் வரும். முதல் கணிதத் தேர்வு எப்போது, மதிப்பெண் என்ன, பேராசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய்ப் பார்த்தாயா, வேலையில் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழோடு கலந்தாய்வுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாதவர் எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் நிற்பார்.

சில எண்களை நினைவில் வையுங்கள். பாடங்களின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். நிதியுதவிக்குப் பருவத்துக்கு 12 கிரெடிட் முழுநேரம்தான், ஆனால் 120 கிரெடிட் கொண்ட பட்டத்தை நான்கு ஆண்டுகளில் முடிக்கப் பருவத்துக்கு 15 வேண்டும். பெரும்பாலான வளாகங்களில் நிதியுதவி தொடர, மதிப்பெண் சராசரி 4.0-க்கு 2.0 என்ற அளவுக்குக் குறையாமலும், எடுத்த கிரெடிட்களில் 67 விழுக்காடு அளவுக்கு முடித்தும் இருக்க வேண்டும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் 2007 இலையுதிர்காலம் முதல் சேர்ந்தவர், விதிவிலக்குகள் போக, இளங்கலைக் காலம் முழுவதிலும் ஆறு பாடங்களுக்கு மேல் இடையில் கைவிட முடியாது. பாடம் கடினமாக இருந்தால் விட்டுவிடு என்று போகிறபோக்கில் அறிவுரை சொல்லும் முன் இந்த மூன்றையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

1981-இல் கலிபோர்னியாவின் சாபோ கல்லூரியில் தொடங்கிய புவென்டே திட்டம், எழுத்துப் பயிற்சி வகுப்பு, தொடர்ந்து உடனிருக்கும் ஆலோசகர், உள்ளூர்ப் பணியாளர்களிலிருந்து ஒரு வழிகாட்டி என்ற மூன்றையும் இணைத்து நடத்தப்படுகிறது. வழிகாட்டி தனியாக விடப்படுவதில்லை என்பதே அதன் பலம். உங்களுக்கும் வளாகத்தில் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு கல்வி ஆலோசகர் வேண்டும். ஆனால் மாணவரின் மதிப்பெண்ணையோ கணக்கு நிலுவையையோ அவரிடம் கேட்காதீர்கள். 1974-ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி மாணவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அவர் சொல்லக் கூடாது, பெற்றோருக்கே பொதுவாக அப்படித்தான். மாணவர் தானாகத் திரையைத் திறந்து காட்டினால் பாருங்கள். மனச்சோர்வோ, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் பேச்சோ தென்பட்டால் வளாக மனநல மையத்தோடு அன்றே இணைத்துவிடுங்கள். நீங்களே ஆற்றுப்படுத்துநராக மாறிவிடாதீர்கள்.

நிதி திரட்டுவோர் கவனத்துக்கு

சங்கத்தார் கூடினால் அறக்கட்டளை உதவித்தொகை ஒன்றை நிறுவுவது பற்றியே பேசுவார்கள். பெயர்ப் பலகை மின்னும், ஆனால் அதற்கான மூலதனம் சேரவே சில ஆண்டுகள் ஆகிவிடும். அதற்குள் சில நூறு டாலர் நிலுவைக்காகப் பதிவுத் தடை விழுந்து, அடுத்த பருவப் பாடங்களுக்குப் பெயர் கொடுக்க முடியாமல் வெளியேறுபவர்கள் வெளியேறிக்கொண்டே இருப்பார்கள். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல், பட்டத்தை நோக்கி ஒழுங்காக முன்னேறிவந்தும் சிறு நிலுவையால் தடுக்கப்பட்ட மாணவர்களின் கணக்கில் அந்தத் தொகையைத் தானே செலுத்தும் சிறு மானியங்களை வழங்கிவருகிறது. உங்கள் சங்கத்திடம் குறைந்த பணமே இருந்தால் அதை இப்படிச் செலவிடுவதே சிறந்தது. உதவித்தொகைதான் தருவோம் என்றால், வெளியிலிருந்து வரும் தொகைக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் தன் மானியத்தைக் குறைத்துக்கொள்ளுமா என்று நிதியுதவி அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைநின்றவர்களை அழைத்தல்

இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதுதான் கணக்கு. எத்தனை பேர் விழாவுக்கு வந்தார்கள் என்பதன்று. திரும்பாதவர்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டாம். அப்பாவுக்கு அடிபட்டதாலோ, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததாலோ நின்றவர், யாராவது அழைத்தால் திரும்பக்கூடியவராகவே இருப்பார். அழைப்பதற்கு முன் மறுசேர்க்கை விண்ணப்பத்தின் கடைசித் தேதி, அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் படிக்கும் பாடங்களில் எவை உங்கள் வளாகத்தில் செல்லும் என்ற பட்டியல், நிலுவையைத் தவணையாகக் கட்டும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் நின்றாய் என்று தொடங்காமல், கணக்கில் எவ்வளவு நிலுவை காட்டுகிறது என்று கேட்டுத் தொடங்குங்கள். பதில் தெரியாது என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே அவரைத் தன் மாணவர் கணக்கில் உள்நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கடவுச்சொல் காலாவதி ஆகியிருக்கலாம் என்பதால், வளாகத்தின் கணினி உதவி மையத்தின் எண்ணையும் முன்பே குறித்து வைத்திருங்கள்.